ப்ரைமர் அடிக்காத பீரோ

"இத அட்ச்ச ஆளு யாரும்மா? இங்க கூப்டு. அந்த மூஞ்சிய நான் பாக்கணும்."

டெம்போவிலிருந்து இறக்கிய பீரோவின் கதவை நாகப்பன் விரலால் சுரண்டினார். சாம்பல் நிற டெக்ஸ்சர் பெயின்ட் அப்பளம்போல் உரிந்து வந்தது. அடியில் முழுக்கத் துரு.

இருங்காட்டுக்கோட்டையில் இருந்த அந்தப் பட்டறையில் கம்பெனிகளுக்கு எலக்ட்ரிக் பேனல் பெட்டி செய்வதுதான் முக்கிய வேலை. இடையிடையே பீரோவும் செய்வார்கள். மேனேஜர் ராஜலட்சுமி வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. பீரோவின் உள்கதவில் பட்டறையின் ஸ்டிக்கர் இருந்ததால் அவளால் மறுக்க முடியவில்லை.

"நெல்லையப்பன் அண்ணே, இங்க வாங்க."

பெயின்டர் நெல்லையப்பன் ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்துவிட்டு வந்தார். மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிய துணி, தலையில் பழைய தொப்பி, புருவமெல்லாம் சாம்பல் தூள். பீரோவைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நீதானா?" என்றார் நாகப்பன். "ஒரு வருசம் கூட ஆவல. உள்ள துரு கீது, மேல சொரசொரன்னு அட்ச்சி மறைச்சிக்கீற. இன்னாய்யா வேல இது?"

நெல்லையப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"என் மருமவ கவியா கொண்டாந்த சீரு இது. அவுங்கப்பா கார் கம்பெனில சூப்பர்வைசரு. தங்கமான மன்சன். உங்கள நம்பி வாங்கிக் குட்த்தாரு. அந்தாள ஏமாத்திக்கீறீங்களே, வெக்கமா இல்ல?"

"கேக்குறாருல்ல, பதில் சொல்லுங்கண்ணே," என்றாள் ராஜலட்சுமி.

அந்த பீரோ நெல்லையப்பனுக்கு நன்றாக நினைவிருந்தது. மழையில் நனைந்து துருவேறியதால் ஒதுக்கிப்போட்ட தகட்டில் செய்தது. துருவைச் சுரண்டி, தின்னர் போட்டுத் துடைத்து, ப்ரைமர் அடித்து ஒரு நாள் காயவிட்டிருக்க வேண்டும். மறுநாள் காலை கல்யாண வீட்டுக்குப் போயாக வேண்டும் என்பதால் அந்த ஒரு நாள் இல்லை. டெக்ஸ்சர் எதையும் மறைத்துவிடும் என்று நேரடியாக அடித்துவிட்டார். அது நசுங்கலை மறைக்கும், வெல்டிங் தழும்பை மறைக்கும். துருவுக்கு அதெல்லாம் கணக்கே இல்லை என்பது இருபது வருடம் பெயின்ட் அடித்தவருக்குத் தெரியாததல்ல.

"இன்னிக்கே சரி பண்ணிக் குடுங்க," என்றாள் ராஜலட்சுமி.

"ப்ரைமர் காயணும்," என்றார் நெல்லையப்பன். துணிக்குள்ளிருந்து குரல் அமுங்கி வந்தது. "நாளைக்குச் சாயங்காலம் தந்துருதேன்."

நாகப்பன் சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தார். துணிக்கு மேலே தெரிந்த கண்களை உற்றுப் பார்த்தார்.

"இந்த மாதிரி ஆளுங்களாலதான் சார் எங்க பேரு கெடுது," என்றாள் ராஜலட்சுமி. " மொதலாளி வரட்டும், சொல்லி ஒரு நாள் சம்பளத்த..."

"அதெல்லாம் வேணாம்மா," என்றார் நாகப்பன். "வேலைன்னா ஒண்ணு ரெண்டு தப்பறதுதான். வுடு."

நெல்லையப்பன் எமரி பேப்பரை எடுத்துக்கொண்டு பீரோவின் முன் உட்கார்ந்தார். தேய்க்கத் தேய்க்கச் செம்பொடி கொட்டியது. யாராவது இரண்டு அடி அடித்திருந்தால்கூட இத்தனை கூசியிருக்காது.

நாகப்பன் வெளியே போய் டீ வாங்கி வந்தார். ஒரு கிளாஸை நெல்லையப்பன் பக்கத்தில் தரையில் வைத்தார். நெல்லையப்பன் நிமிரவில்லை, முகத்துத் துணியையும் அவிழ்க்கவில்லை. டீயில் ஆடை படிந்தது.

"ஆறிடப் போவுது. நான் ரோட்டாண்ட போயி நிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு நாகப்பன் நகர்ந்தார். பிறகு அப்படியே டெம்போவில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் லீவு போட்டுவிடலாமா என்று நெல்லையப்பனுக்குத் தோன்றியது. ஆனால் அந்த பீரோவை வேறொருவர் கையில் விட மனம் வரவில்லை. வெள்ளி போலாகும்வரை தேய்த்த தகட்டில் முதல் நாளே ரெட் ஆக்சைடு ப்ரைமர் அடித்துக் காயவிட்டிருந்தார். காலையில் பெயின்ட் இரண்டு கோட்டிங். கடைசியில் காற்றைக் குறைத்து, கன்னைத் தள்ளிப் பிடித்தார். பெயின்ட் பொடிப்பொடியாக விழுந்து, ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரே சீராகப் படிந்தது. இத்தனை சுத்தமாக அவர் எந்த பேனலுக்கும் அடித்ததில்லை.

சாயங்காலம் நாகப்பன் வந்தார். கதவை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். நகத்தால் சுரண்டவில்லை.

"நல்லா கீது," என்றார்.

நெல்லையப்பன் முகத்துணியோடு ஒரு மூலையில் நின்றிருந்தார். பீரோவை ஏற்றிக் கயிறு கட்டினார்கள். ராஜலட்சுமி போன் பேச உள்ளே போனாள். அதற்காகவே காத்திருந்தவர்போல் நாகப்பன் நெல்லையப்பனிடம் வந்தார்.

"துரு விசயம் வூட்ல யாருக்கும் தெரியாது. கலர் புடிக்கல, அதான் மாத்தினேன்னு சொல்லிக்கிறேன். நேத்து கோவத்துல கண்டபடி பேசிட்டேன். மன்சுல வெச்சிக்காதீங்க."

நெல்லையப்பன் தரையைப் பார்த்தபடியே தலையை மட்டும் அசைத்தார்.

நாகப்பன் அவர் தோளில் கை வைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம கவியாவுக்கு வளகாப்பு வெச்சிக்கீறோம். போன்ல சொல்லலாம்னு இருந்தேன், நேர்லயே சொல்லியாச்சி. பொண்ணு உங்களத்தான் தேடும், லீவு கேட்டுகினு முன்னாடியே வந்துடுங்க, சம்பந்தி."