பேச விடாத பெண்

“உங்க பையனையே பேசச் சொல்லுங்க, சார்” என்றது கஸ்டமர் கேர் பெண்ணின் குரல்.

லிஃப்ட் மெக்கானிக் கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்திருந்தார். ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் மகள். நடுவே ஒரு பச்சைக் கோப்பு.

“அதைத்தாம்மா சொல்ல வர்றேன். அவன் இப்ப…”

“கணக்கு யார் பேர்ல இருக்கோ அவங்கதான் பேசணும். உங்களுக்கு என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க.”

வேண்டியது பெரிதொன்றுமில்லை. சென்ற ஆண்டு மூத்தவன் தன் தங்கைக்கென்று ஒரு வீடியோ கேம் வாங்கி வந்தான். பெட்டிக்குள் டிஸ்க் இல்லை; பதினாறு எழுத்துகள் அச்சிட்ட ஒரு சீட்டுத்தான் இருந்தது. டவுன்லோட் கோட், இதை அடித்தால் விளையாட்டு இறங்கிவிடும் என்றான். அந்த எழுத்துகளை அவசரத்தில் தன் கணக்கிலேயே அடித்தும்விட்டான். பிறகு அண்ணனும் தங்கையும் சேர்ந்து அந்த விளையாட்டுக்குள் ஒரு துறைமுக நகரத்தைக் கட்டினார்கள். பாலம், கலங்கரை விளக்கம், அப்பாவுக்காகவே லிஃப்ட் வைத்த ஏழு மாடிக் கட்டடம்.

நான்கு மாதங்களுக்கு முன், வேலைக்குக் கிளம்பிப்போன மூத்தவன் சாலை விபத்தில் இறந்துபோனான்.

அதன்பின் அவர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. வங்கிக் கணக்கு, வண்டி, சிம் கார்டு என்று அவன் பெயரில் இருந்த ஒவ்வொன்றையும் மாற்ற வேண்டியிருந்தது. எங்கே போனாலும் முதலில் இறப்புச் சான்றிதழை நீட்டிவிட வேண்டும். அப்போதுதான் எதிரில் இருப்பவர் நிமிர்ந்தே பார்ப்பார். எஞ்சியிருந்தது இந்த விளையாட்டு ஒன்றுதான்.

“அந்த கேமை என் பொண்ணு கணக்குக்கு மாத்திக் கொடுங்கம்மா. அவளுக்குன்னு வாங்கினதுதான்.”

“மாத்த முடியாது, சார். ஒரு கோட் ஒரு தடவைதான், ஒரு கணக்குக்குத்தான்.”

“பில் இருக்கு, பெட்டி இருக்கு, சீட்டும் இருக்கு. காசு கொடுத்து வாங்கினதை அண்ணன்கிட்டேருந்து தங்கச்சிக்கு மாத்தக் கூடாதா?”

“பெட்டி உங்களோடது. கேம் அந்தக் கணக்கோடது.”

“நல்லா இருக்கே. கட்டில் உங்களோடது, தூக்கம் கடைக்காரனோடதுங்கற மாதிரி.”

“விதி அப்படி, சார்.”

“விதியை நான் குத்தம் சொல்லலை. எங்க நிலைமை வேற. என் கையில ஒரு சர்ட்டிஃபிகேட் இருக்கு…”

“சர்ட்டிஃபிகேட் எதுவும் நான் கேக்கலையே.”

“நீங்க கேக்காட்டியும் சொல்ல வேண்டியது என் கடமை. அவன் போன…”

“சார்.” குரல் கதவை அறைந்ததுபோல் வந்து விழுந்தது. “இந்தப் பேச்சு பதிவாகுது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.”

மனைவி விசும்பினாள். அது மறுமுனையிலும் கேட்டிருக்க வேண்டும். அங்கே தட்டச்சு ஒலி நின்றது.

“பையன் வெளியூர் போயிருக்கார். அப்படின்னு எழுதிக்கிறேன்.”

“வெளியூரா? யாரும்மா சொன்னது?”

“வந்ததும் அவரையே கூப்பிடச் சொல்லுங்க. அதுவரைக்கும் எல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும். வச்சிடறேன்.”

இணைப்பு அறுந்தது.

“வந்ததுமாம்” என்றாள் மனைவி. எழுந்து ஜன்னலருகே போய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “கூசாம சொல்றா.”

பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து ஜனங்கள் திட்டுவதை இருபது ஆண்டுகளாகப் பொறுமையாகக் கேட்டவர் அவர். அந்தப் பொறுமை அன்று போய்விட்டது.

“புகார் எழுது. நான் சொல்றேன்” என்றார் மகளிடம்.

மகள் கம்ப்யூட்டரில் அந்த கேம் கம்பெனியின் புகார்ப் பக்கத்தைத் திறந்தாள்.

“‘என் மகன் இறந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. அதைச் சொல்வதற்குக்கூட உங்கள் ஊழியர் என்னை விடவில்லை. அவரை வேலையிலிருந்து நீக்க வேண்டும்.’ போட்டாச்சா? சான்றிதழையும் சேர்த்து அனுப்பு.”

“வேலையை விட்டே தூக்கணுமாப்பா?”

“நரம்பில்லாத நாக்குன்னு எப்படி வேணா பேசிடறதா? தூக்கட்டும்.”

அவள் சான்றிதழைப் படமெடுத்து இணைத்தாள். அனுப்புவதற்குமுன் ஒரு கட்டம் வந்தது: ‘விதிகளைப் படித்தேன்.’

“டிக் போடு. எவன் படிச்சுட்டுப் போடறான்?”

“இருங்கப்பா. நம்ம புகார்லயே ஓட்டை கண்டுபிடிச்சிடுவாங்க.”

அவள் விதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது. பிறகு, பள்ளியில் பாடம் படிப்பவளைப்போல் உரக்கப் படித்தாள்.

“‘கணக்குதாரர் இறந்த செய்தி எவ்வகையில் தெரியவந்தாலும் ஊழியர் அதனை உடனே பதிவுசெய்தல் வேண்டும். அன்றே அக்கணக்கும், கோட் வழியாக அதில் சேர்ந்த விளையாட்டுகளும், அவற்றுள் உருவாக்கப்பட்ட யாவும் நிரந்தரமாக நீக்கப்படும்.’”

மனைவி ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

மகள் இணைத்த படத்தை நீக்கினாள். எழுதியதைக் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு போனாள்.

அவர் பச்சைக் கோப்பை மூடினார்.

“எல்லா ஆபீஸ்லயும் அவன் இல்லைன்னு நானே எழுதிக் கொடுத்தேன். ஒரே ஒரு இடத்துல அந்த வார்த்தை என் வாயில வராம ஒரு பொண்ணு பார்த்துக்கிட்டா. அவ வேலைக்குத்தான் நான் உலை வைக்கப் பார்த்தேன்.”