பூட்டில்லாத கடை

"பெரிய தளத்துல கேம் வாங்குறது வாடகை வீடு மச்சான். அவன் நெனச்சா புடுங்கிக்குவான். காப்பி எடுக்கப் பூட்டில்லாத ஆன்லைன் கடையில வாங்கு, ஃபைல் உன் கையில." விடுதியில் மூன்று வருடமாக மதியழகன் செய்துவந்த பிரசங்கம் இது. அதைக் கேட்டு அறைத்தோழன் பிரிட்டோ நிஜமாகவே அந்தக் கடையில் ஒரு பழைய போர் விளையாட்டை வாங்கிவிட்டான். "நீ வாங்கினதெல்லாம் காட்டுடா" என்று மதியழகனின் லேப்டாப்பை இழுத்து, அதே கடையில் அவனுக்கிருந்த கணக்கைத் திறந்தான். 'நீங்கள் இன்னும் எதையும் வாங்கவில்லை' என்று மிக மரியாதையாக எழுதியிருந்தது. இத்தனை நாள் மதியழகன் ஆடியதெல்லாம் திருட்டுப் பிரதிகள். பிரிட்டோ சிரித்திருக்கலாம். சிரிக்காமல் தன் விளையாட்டைப் பென்டிரைவில் ஏற்றி நீட்டினான். "பூட்டுதான் இல்லையே, வச்சுக்கடா." வேண்டாமென்று சொல்ல மதியழகன் வாயெடுப்பதற்குள் அதை வாங்க அவனுடைய கையே நீண்டுவிட்டிருந்தது.