பதினோரு பேர்

பதினோரு பேர் எந்தப் பிரிவிலும் சேரவில்லை.

அவள் நிரலை மறுபடி ஓடவிட்டாள். அதே பதினோரு பேர்.

திரையில் இருநூற்று நாற்பது மாணவிகள். ஒவ்வொருத்தியும் ஓர் ஆப்ஜெக்ட்: பெயர், துறை, ஊர், சமூகம், காலையில் எழும் நேரம். எதை வைத்துப் பிரிப்பது என்று ஒரு கீயை, அதாவது ஒரு தலைப்பைச் சொன்னால் போதும், ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அடுக்கிக் கொடுத்துவிடும். அறை ஒதுக்க மகளிர் விடுதியில் சொன்ன கீ, சமூகம். பிரிவுக்கு ஒரு வரிசை அறைகள்.

சமூகம் என்ற கட்டத்தைத் தொடாமலே படிவத்தை அனுப்பியவர்களை மட்டும் அது ‘அன்டிஃபைன்ட்’, வரையறுக்கப்படாதவர்கள் என்று தனியே ஒதுக்கியிருந்தது.

கோவையில் இருக்கும் அந்த விடுதியின் வார்டன் பூங்கொடி காலையிலேயே போனில் சொல்லிவிட்டார்.

“பேரும் ஊரும் பாத்தா தெரிஞ்சுராதுங்களா? நீங்களே போட்டு உட்ருங்க அம்மிணி.”

அவள் பெயரைப் பார்த்தாள். ஊரைப் பார்த்தாள்.

தெரிந்துவிடும் போலத்தான் இருந்தது.

அதுதான் சுட்டது.

படித்த காலத்தில் விடுதியில் அவளுக்குக் கிடைத்தது வராந்தாவின் கடைசி அறை. நான்கு பேர். ஏன் அந்த நான்கு பேர் என்பது முதல் வாரமே விளங்கிவிட்டது.

இந்த மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். நிரந்தரமாக இன்னும் நான்கு. வேலை போக வாடிக்கையாளரிடமிருந்து ஒரு புகார் போதும்.

‘சமூகம்’ என்ற கீயை அழித்தாள்.

‘எழும் நேரம்’ என்று அடித்தாள். வெந்நீருக்காக வார்டனே சேர்க்கச் சொன்ன கேள்வி.

ஓடவிட்டாள்.

நான்கு மணி. ஐந்து மணி. ஆறு மணி. ஏழு மணி.

அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதாத பெண் ஒருத்திகூட இல்லை.

மாற்றியவர் என்ற இடத்தில் தன் முழுப்பெயரை எழுதிப் பட்டியலை அனுப்பினாள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே போன் வந்தது.

“என்ன அம்மிணி, எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து வெச்சிருக்கீங்க?”

“பிரிச்சுத்தான் வெச்சிருக்கேன் மேடம். நேரப்படி.”

மறுமுனையில் குரல் தணிந்தது. கனிவாகக்கூட இருந்தது.

“நீங்க எந்தூருங்க? என்ன ஆளுங்க?”

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஆறு மணி ஆளுங்க, மேடம்.”