உடம்புச் சூடு

சட்டைப் பொத்தானில் தாய் வைத்த கை அங்கேயே நின்றுவிட்டது.

நர்ஸ் எஸ்தர் குழந்தையை ஏந்திக்கொண்டு காத்திருந்தாள். குறைமாதப் பிள்ளை. காலையிலிருந்து உடம்பு சில்லிட்டுக்கொண்டே போகிறது.

"கண்ணு, என்ன யோசன? நெஞ்சோட போட்டுக்கோ. உன்ற ஒடம்புச் சூடு பட்டாத்தான் தேறுவான்."

சூடு.

அவளுடைய ஆராய்ச்சியே அதைப் பற்றித்தான்.

லிஸ்டீரியா என்றொரு பாக்டீரியா. ஃப்ரிட்ஜுக்குள்ளும் சாகாது, பெருகும். ஆனால் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். அதற்குள் ஓர் ஆர்.என்.ஏ. இழை தன்னைத்தானே முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும். நோயுண்டாக்கும் மரபணுக்கள் வேலை செய்ய அந்த முடிச்சு விடாது. முப்பத்தேழு டிகிரி பட்டால் முடிச்சு அவிழும். மனித உடம்புக்குள் வந்துவிட்டோம் என்று கிருமிக்குத் தெரிந்துவிடும்.

இதை எத்தனை மேடையில் சொல்லியிருப்பாள்!

சொன்னவள்தான், நாக்கு கேட்டதென்று ஏழாம் மாதத்தில் ஃப்ரிட்ஜில் கிடந்த பனீரை அப்படியே எடுத்துத் தின்றாள். குளிரில் இருக்கும் கிருமிக் குப்பிகளைக் கண்டு பயப்படாத லேப் பழக்கம். முடிச்சு இறுகித்தானே இருக்கும் என்ற மிதப்பு. தன் வயிறும் முப்பத்தேழு டிகிரி என்பது மட்டும் அந்த மேதைக்கு மறந்து போயிற்று.

இன்று டாக்டர் குழந்தையின் ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்து வாயைத் திறப்பதற்குள், கிருமியின் பெயரை அவளே சொல்லிவிட்டாள்.

சில்லிடட்டும், முடிச்சு மறுபடி இறுகட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள்.

குளிர்ந்தால் முதலில் அடங்கப்போவது கிருமி அல்ல, பிள்ளை. அது தெரியாதவளா?

தெரிந்தும் கை அசையவில்லை. கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டதும் இதே சூடுதான்.

"கண்ணு..."

பொத்தான்களைப் பிய்க்காத குறையாகக் கழற்றினாள்.

ஈரத்துணி போல வந்து ஒட்டினான். மருந்து ஏறும் குழாய் அவள் தோளில் உரசியது. அவன் உள்ளங்கையில் தன் சுண்டுவிரலை வைத்தாள். விரல்கள் துவண்டு திறந்தே கிடந்தன.

எந்தச் சாமியின் பெயரும் வாயில் வரவில்லை. எடுத்துக்கோ, எங்கிட்ட இருக்கிற சூட்டையெல்லாம் எடுத்துக்கோ என்று மட்டும் புலம்பினாள்.

வெகுநேரம் கழித்து, எஸ்தர் குழாயைச் சரிசெய்ய வந்தாள். வழிவிடுவதற்காகத் தாய் தன் சுண்டுவிரலை உருவப் பார்த்தாள்.

அவன் விடவில்லை.