உள்ளேன் அம்மா

ஏரியை மூடித்தான் இந்தப் பல்கலைக்கழகத்தைக் கட்டினார்கள் என்று வகுப்பில் சொன்னதற்காகப் பேராசிரியை பூங்காவனத்தை இடைநீக்கம் செய்துவிட்டார்கள். உத்தரவில் கையெழுத்துப் போட்ட பதிவாளர் தணிகாசலமே மறுநாள் பூங்காவனத்தின் வகுப்புக்கு வந்தார். அவருடைய நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்.

"அமலோற்பவம்."

"உள்ளேன் அம்மா."

"ஐயான்னு சொல்லும்மா," என்று சிரித்தார். "இஸ்மாயில்."

"உள்ளேன் அம்மா."

வேறு யாரும் சிரிக்கவில்லை. எல்லார் கண்களும் அவருக்குப் பின்னால், பூங்காவனம் நின்று பேசும் இடத்திலேயே இருந்தன. வாசிக்க வாசிக்க, கொஞ்சமும் பயமில்லாமல் அதே பதில்தான் வந்தது. கடைசிப் பெயரை வாசிக்கும்போது தனக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் தணிகாசலத்துக்குத் தோன்றியது. திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. நாற்காலியைக் காலியாக விட்டு, ஓரமாகக் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.