தயாபரன் பூஞ்சை

எங்கள் ஆய்வாளர் தயாபரன் தினமும் காலையில் என் மனைவி பிரகாசியின் டிபன் கடைக்கு வருவார். மாவுப் பாத்திரத்தில் விரலை விட்டு நக்கிப் பார்த்து, புளிப்பு சரியாக இருந்தால்தான் தோசைக்குச் சொல்வார். பிறகு அதே விரலால், கையுறை போடாமல், கொடைக்கானல் பைன் மரங்களின் பட்டையைச் சுரண்டி மாதிரி எடுப்பார். மாதிரியில் இருக்கும் நொதிகளைப் பார்த்து, மரத்தைக் கொல்லும் பூஞ்சை எந்த இனம் என்று சொல்வது கருவியின் வேலை. கருவியைச் சுமப்பது என் வேலை.

போன மாதம் கருவி, "இதுவரை அறியாத கொடிய இனம்" என்றது. மனிதர் உடனே அதற்குத் தன் பெயரையே வைத்தார். அவமானம் தெரிந்த பூஞ்சையாக இருந்தால் அன்றே செத்திருக்கும்.

"சார், அது தோசை மாவு" என்றேன்.

"நீ என்ன படிச்சிருக்க?" என்றார்.

பத்தாவது. கருவியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடந்தேன்.

மறு வாரம் தயாபரன் பூஞ்சையைத் தேடி மோப்ப டிரோன்கள் பறந்தன. ஒரு மரத்திலும் அது இல்லை. ஊரின் எல்லா அடுப்படியிலும் இருந்தது. எங்கள் கடைக்குத்தான் முதல் சீல். மூன்று வருடம் திறக்கக் கூடாது என்ற உத்தரவில் கையெழுத்துப் போட்டவரும் அவரே.

நேற்றுக் காலை, பூட்டிய கடைமுன் வந்து நின்றார். ஊரில் எங்கேயும் தோசை கிடைக்கவில்லையாம்.

"ஒளிச்சு வச்ச மாவு ஏதாச்சும் இருக்காம்மா?"

பிரகாசி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்த விரலையே நக்கிக்கோங்க சார். அதுக்குத்தான் இன்னும் சீல் வைக்கல."