ஆயுள் பங்கு

ஆளுக்கு ஆயுள் முழுவதற்கும் இருபது லிட்டர் மதுதான் பங்கு என்று சட்டம் வந்த பிறகும் ரங்கராஜ் அடங்கவில்லை. எப்போதோ மூடிப்போன ஸ்காட்லாந்துத் தீவு ஆலை ஒன்றின் சிங்கிள் மால்ட் விஸ்கியைத் தேடி ஏலம் ஏலமாக அலைந்தார். அதைக் குடிப்பதற்கு நாக்கைப் பழக்குகிறேன் என்று கண்ட பாட்டில்களையும் ருசி பார்த்து, குறிப்பேட்டில் பக்கம் பக்கமாக எழுதிவைத்தார்.

இருபத்திரண்டாம் வருடம் அந்தப் பாட்டில் கோயமுத்தூர் வந்து சேர்ந்தது. கைரேகை பார்த்துப் பங்கில் கழித்துக்கொண்டு திறக்கும் அரசாங்க மூடியில் பெருவிரலை வைத்தார்.

“உங்கள் பங்கு முடிந்துவிட்டது” என்றது மூடி.

நாக்கைப் பழக்கியே எல்லாவற்றையும் தீர்த்திருந்தார்.

ஒரு சொட்டுகூடத் தொட்டிராத மனைவி கோகிலவாணி விரல் வைத்ததும் மூடி திறந்துகொண்டது. அவள் பங்கை அவர் தொட்டால் இருவருக்கும் ஜெயில்.

“கண்ண மூடிட்டு நாக்குல கொஞ்ச நேரம் வெச்சிரு. பொகை வாசம் வருதா? உப்புக் கரிக்குதா?”

அவருக்காக அவள் முகம் சுளிக்காமல் விழுங்கினாள். சரியாகச் சொல்லிவிட வேண்டுமே என்று வெகுநேரம் யோசித்தாள்.

“நல்லாத்தானுங்க இருக்குது.”

ரங்கராஜ் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, அதை அப்படியே எழுதிக்கொண்டார்.